சிவப்புக்கு ஒரு கணக்கு, தழும்புக்கு ஒரு கணக்கு: தோல் லூபஸின் தீவிரத்தை எப்படி அளக்கிறார்கள்?

தோல் லூபஸ் உள்ள ஒருவர் மருத்துவரைப் பார்க்கப் போகிறார். "போன தடவைக்கு இப்போது எப்படி இருக்கு?" என்று கேட்கிறார் மருத்துவர். "கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்" என்கிறார் இவர். குறிப்பில் 'முன்னேற்றம் உள்ளது' என்று ஏறுகிறது. மூன்று மாதம் கழித்து அதே குறிப்பை வேறொரு மருத்துவர் புரட்டுகிறார். எந்த இடத்தில் முன்னேற்றம், எவ்வளவு, எதோடு ஒப்பிட்டு? அந்த இரண்டு சொற்களில் எதுவும் இல்லை. மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, மாற்றுவதா என்ற முடிவை அவர் மறுபடி பூஜ்யத்திலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு ரத்தத்தில் ஓர் எண் கிடைக்கிறது. ரத்த அழுத்தத்துக்குக் கையில் பட்டையைச் சுற்றினால் போதும். தோல் லூபஸுக்கு அப்படி எதுவும் இல்லை. தோலில் மட்டும் லூபஸ் உள்ள பலருக்கு ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஏறக்குறைய சரியாகவே வரும். முகம் எரிந்துகொண்டிருக்கும்போதும் காகிதத்தில் எல்லாம் இயல்பு என்றிருக்கும். தோலில் ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்சி, இது லூபஸ்தானா என்று சொல்ல உதவும். அந்த ஒரு துண்டை வைத்து உடல் முழுவதும் நோய் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆக, மிஞ்சுவது மருத்துவரின் கண். கண்ணால் பார்ப்பதை எப்படி எண்ணாக்குவது, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்குவதுதான் லூபஸ். அது சிறுநீரகம், மூட்டு, மூளை என்று உள்ளுறுப்புகளைத் தாக்கலாம்; தோலோடு நின்றுவிடவும் செய்யலாம். தோலில் அது காட்டும் முகங்கள் பல. கன்னங்களிலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி சிறகு விரித்தது போலச் சிவக்கும் கடும் வகை ஒன்று. வெயில் படும் மார்பிலும் தோளிலும் கைகளிலும் வளையம் வளையமாகவோ செதில் செதிலாகவோ வந்து, பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறிப்போகும் இடைநிலை வகை ஒன்று. நாள்பட்ட வகையில் அதிகம் காணப்படுவது டிஸ்காய்டு லூபஸ். நாணயம் போல வட்டமாகத் தடித்து, மேலே ஒட்டிக்கொண்ட செதிலோடு இருக்கும். அந்தச் செதிலை மெல்ல உரித்தெடுத்துத் திருப்பிப் பார்த்தால், அடியில் சிறு சிறு முட்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். மயிர்க்கால்களுக்குள் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தவை அவை. மயிர்க்கால் வரை நோய் போய்விட்டதால்தான் இந்த வகை தழும்பை விட்டுப் போகிறது. தலையில் தழும்பு விழுந்தால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைப்பதில்லை.

கடைசியாகச் சொன்ன இந்தத் தழும்பு, அளவிடுவதில் எவ்வளவு பெரிய சிக்கலைக் கொண்டுவருகிறது என்று பிறகு பார்க்கலாம்.

லூபஸுக்கு அளவுகோல்களே இல்லை என்று சொல்ல முடியாது. உடல் முழுவதையும் பாதிக்கும் லூபஸுக்கு ஸ்லீடாய் என்ற ஓர் அளவுகோல் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 105 புள்ளிகள். லூபஸால் வலிப்பு வந்தால் 8. தோலில் தடிப்பு இருந்தால் 2. உடல் முழுக்கத் தடிப்பு இருந்தாலும் 2, கன்னத்தில் ஒரே ஒரு திட்டு இருந்தாலும் 2. முகம், மார்பு, கை, முதுகு என்று பரவிக் கிடந்த ஒருவருக்கு மருந்து நன்றாக வேலை செய்து, கன்னத்தில் மட்டும் ஒரு சின்னத் திட்டு மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லீடாய் கணக்கில் அவருடைய தோல் அன்றும் 2, இன்றும் 2. உயிருக்கு ஆபத்தான உறுப்புகளுக்கு அதிக எடை கொடுத்து வடிவமைத்த கருவி அது. அந்த வேலைக்குச் சரி. தோலைப் பார்ப்பதற்கு அது போதவே போதாது.

சரி, சோரியாசிஸுக்கு 1978-லிருந்தே ஓர் அளவுகோல் இருக்கிறதே, பாஸி என்று, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பாஸி, உடலில் எத்தனை சதவீதப் பரப்பு பாதித்திருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்கிறது. சோரியாசிஸ் பெரும் பரப்பில் படர்வது, அதற்கு அது பொருந்தும். தோல் லூபஸ் பல சமயம் மிகச் சிறிய பரப்பில்தான் இருக்கும். மூக்கின் மேல் ஓர் அங்குலத் திட்டு, காது மடலுக்குள் ஒன்று, உச்சந்தலையில் ஒன்று. பரப்பை வைத்துக் கணக்கிட்டால் உடலில் ஒரு சதவீதம்கூட வராது. ஆனால் அந்த மூன்று இடங்களும் அவருடைய முகத்தையே மாற்றிவிட்டிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்ப 2005-இல் வந்ததுதான் கிளாசி. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் விக்டோரியா வெர்த்தின் குழு உருவாக்கியது. ஒற்றைப் பக்கப் படிவம்தான். பழகிய மருத்துவருக்குச் சில நிமிடங்கள் போதும். உடலைப் 13 பகுதிகளாகப் பிரிக்கிறது: உச்சந்தலை, காதுகள், மூக்கும் கன்ன மேடும், முகத்தின் மிச்சப் பகுதி, கழுத்தின் முன்புறம், பின்கழுத்தும் தோள்களும், மார்பு, வயிறு, முதுகும் பிட்டமும், கைகள், உள்ளங்கையும் புறங்கையும், கால்கள், பாதங்கள். இந்தப் பிரிவினையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதுகு முழுவதும் ஒரே பகுதி. கழுத்துக்கு மேலே மட்டும் நான்கு பகுதிகள். வெளியே தெரியும் இடங்களுக்கும், லூபஸ் விரும்பி வரும் இடங்களுக்கும் தானாகவே அதிக எடை கிடைத்துவிடுகிறது. பரப்பைச் சதவீதத்தில் அளக்காமலேயே, எங்கே வந்தால் அதிகம் வலிக்குமோ அங்கே அதிகம் எண்ணுகிற ஏற்பாடு இது. நன்றாக யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு பகுதியிலும் இருப்பதிலேயே மோசமான திட்டைத் தேடி, அதற்கு மதிப்பெண் போட வேண்டும். சிவப்புக்கு 0 முதல் 3 வரை: இல்லை என்றால் 0, லேசான இளஞ்சிவப்பு 1, நல்ல சிவப்பு 2, கருஞ்சிவப்போ ஊதாவோ பொருக்குத் தட்டியோ இருந்தால் 3. செதிலுக்கு 0 முதல் 2: செதில் இருந்தால் 1, மரு போலத் தடித்திருந்தால் 2. வாய் போன்ற சளிச்சவ்வுகளில் புண் இருந்தால் 1. கடந்த 30 நாளில் முடி கொட்டியதாக நோயாளி சொன்னால் 1. தழும்பில்லாத முடி உதிர்வுக்கு 3 வரை. எல்லாம் கூட்டினால் அதிகபட்சம் 70. இதற்குச் செயல்பாட்டு மதிப்பெண் என்று பெயர். நோய் இந்த நிமிடம் எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்பதன் அளவு இது.

அப்புறம் அதே படிவத்தின் வலது பாதியில் இன்னொரு கணக்கு. அது சேத மதிப்பெண். நோய் வந்துபோன இடத்தில் நிறம் கறுத்தோ வெளுத்தோ போயிருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் 1. தழும்பு இருந்தால் 1, தோல் மிகவும் மெலிந்து குழிந்து போயிருந்தால் 2. தலையில் தழும்பு விழுந்து முடி போயிருந்தால் தனிக் கணக்கு: தலையை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் இருந்தால் 3, இரண்டில் 4, மூன்றில் 5, முழுத் தலையிலும் என்றால் 6. திட்டு ஆறிய பிறகும் அந்த நிறமாற்றம் ஓராண்டுக்கு மேல் நீடிப்பதாக நோயாளி சொன்னால், நிறமாற்றத்துக்கான மொத்தப் புள்ளிகளும் இரட்டிப்பாகும். இதன் அதிகபட்சம் 56.

இந்த இரண்டையும் ஏன் கூட்டி ஒரே எண்ணாகத் தரவில்லை? கிளாசியின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டோடு போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

டிஸ்காய்டு லூபஸ் உள்ள ஒரு பெண் முதல் தடவை வருகிறார் என்று கற்பனை செய்துகொள்வோம். உச்சந்தலையில் சிவப்பு 2, செதில் 1. காது மடலின் உட்குழியிலும் சிவப்பு 2, செதில் 1. மூக்கிலும் கன்னத்திலும் கருஞ்சிவப்பு 3, செதில் 1. தாடைப் பக்கம் லேசான சிவப்பு 1. கழுத்தின் முன்புறம் 2. கைகளில் சிவப்பு 1, செதில் 1. இதுவரை 15. இந்த மாதம் முடி கொட்டுகிறது என்கிறார், 1. தலையில் ஒரு பக்கம் திட்டாக முடி குறைந்திருக்கிறது, 2. செயல்பாடு 18. சேதம் என்று பார்த்தால் காதில் ஒரு தழும்பு, காதிலும் கன்னத்திலும் நிறமாற்றம், மொத்தம் 3.

மருந்து தொடங்குகிறார்கள். வெயிலிலிருந்து பாதுகாப்பு, ஸ்டீராய்டு களிம்பு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை. பதினான்கு மாதம் கழித்து மறுபடி மதிப்பெண். தலையில் லேசான சிவப்பு 1, கன்னத்தில் 1. மற்ற இடங்களில் சிவப்பும் இல்லை, செதிலும் இல்லை, முடி கொட்டுவதும் நின்றுவிட்டது. செயல்பாடு 2. அதாவது கிட்டத்தட்ட 90 சதவீதம் இறங்கியிருக்கிறது. அருமையான பலன்.

ஆனால் சேதப் பக்கம்? தலை, காது, கன்னம், கழுத்து, கை என்று ஐந்து இடங்களில் கறுத்த திட்டுகள், ஓராண்டு தாண்டியும் மறையவில்லை என்கிறார், அதனால் இரட்டித்து 10. காதுத் தழும்பு 1. தலையில் ஒரு கால் பகுதியில் தழும்பு விழுந்துவிட்டது, 3. மொத்தம் 14.

இரண்டையும் கூட்டிப் பார்த்திருந்தால் 21 என்பது 16 ஆகியிருக்கும். ஏதோ சுமாராகக் குறைந்தது போலத் தெரியும். 'இந்த மருந்து சரிப்படவில்லை, வேறு கொடுப்போம்' என்று ஒருவர் முடிவெடுத்தால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நிறுத்திவிட்டு, ஆறிப்போன தழும்புக்காகக் கூடுதல் வீரியமுள்ள ஒன்றை அவருக்குக் கொடுத்திருப்பார்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் எந்த மருந்தாலும் தழும்பை அழிக்க முடியாது. அது அணைந்த நெருப்பின் கரி. அதன் மேல் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை.

கண்ணாடி முன் நிற்கும் அந்தப் பெண்ணுக்கோ இந்தப் பிரிவினை தெரியாது. போன வருஷம் சிவப்பாக இருந்த இடமெல்லாம் இப்போது கறுப்பாக இருக்கிறது, தலையில் ஓர் இடம் வழுக்கையாகிவிட்டது. 'ஒன்றும் சரியாகவில்லையே' என்று மாத்திரையை நிறுத்திவிட்டால், அடியில் அடங்கியிருப்பது மறுபடி எழும். இரண்டு எண்களையும் தனித்தனியாகச் சொல்லிப் புரியவைத்தால் இது நடக்காமல் தடுக்க முடியும். செயல்பாடு 18-லிருந்து 2-க்கு வந்துவிட்டது, இந்தக் கறுப்பு ஆறியதன் தடம், புதிய நோய் இல்லை என்று ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அந்த ஐந்து நிமிடம், எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்கு எந்த வகையிலும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

சேத எண் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. செயல்பாடு எத்தனை மாதம் உயரத்திலேயே இருந்ததோ, அதன் விலை சேதத்தில் ஏறுகிறது. டிஸ்காய்டு வகையில் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் மயிர்க்கால்களைத் தின்கிறது. சேத எண் ஏறிக்கொண்டே போகிறது என்றால், இடைப்பட்ட காலத்தில் நெருப்பு போதிய அளவு அணைக்கப்படவில்லை என்று பொருள்.

இப்படி இரண்டு பேர் பார்த்தால் ஒரே எண் வருமா? கிளாசியை முதலில் சோதித்தபோது தோல் மருத்துவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் ஒரே நோயாளிகளைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லி ஒப்பிட்டார்கள். 1 என்றால் முழு ஒற்றுமை என்று கொள்ளும் கணக்கில், செயல்பாட்டுக்கு 0.86, சேதத்துக்கு 0.92 வந்தது. கண்ணை நம்பிய ஒரு கருவிக்கு இது நல்ல எண். பிறகு 2011-இல், எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதையும் ஆராய்ந்து வரையறுத்தார்கள்: செயல்பாடு 0 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 20 வரை நடுத்தரம், 21-லிருந்து கடுமை. 4 புள்ளியோ 20 சதவீதமோ இறங்கினால் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படுகிறது. ஜெர்மனியில் 2010-இல் இதையே திருத்தி, வீக்கம், தோலுக்கு அடியில் உள்ள கட்டி போன்றவற்றையும் சேர்த்து ஒரு பதிப்பைக் கொண்டுவந்தார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. டியூமிட் என்ற வகையில் திட்டுகள் வழுவழுப்பாகப் புடைத்திருக்கும், செதிலே இருக்காது. பழைய படிவத்தில் செதில் பத்தியில் அவர்களுக்கு எப்போதும் 0 தான்.

இந்த எண்களுக்குப் பின்னால் மருந்துகளின் கதையும் இருக்கிறது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு 1955-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அதற்குப் பிறகு லூபஸுக்கென்று ஒரு புதிய மருந்து, பெலிமுமாப், ஒப்புதல் பெற 2011 ஆகிவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல். நோயின் சிக்கல்தான் முதல் காரணம் என்றாலும், மருந்து வேலை செய்ததா என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி அளக்கத் தெரியாததும் ஒரு காரணம். அழற்சியைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் ஏற்பியைத் தடுக்கும் அனிஃப்ரோலுமாபை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வெளியான அதன் பெரிய ஆய்வு ஒன்றில், தொடக்கத்தில் கிளாசி செயல்பாடு 10-க்குக் குறையாமல் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தார்கள். 12 வாரத்தில் அந்த எண் பாதியாகவோ அதற்கும் கீழோ இறங்கியவர்கள், மருந்து பெற்றவர்களில் 49 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 25 சதவீதம். இந்த மருந்தைப் பெறாதவர்களிலும் நான்கில் ஒருவருக்குப் பாதியாகக் குறைந்ததைக் கவனியுங்கள். இந்த நோய் தானாக ஏறும், இறங்கும். வெயில் காலம் போனால் சற்று அடங்கும். ஆய்வில் சேர்ந்தவர்கள் களிம்பையும் ஒழுங்காகப் பூசுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவும் எண்ணும் இல்லாமல், 'மருந்து கொடுத்தோம், குறைந்தது' என்று சொல்வதில் எவ்வளவு ஏமாற இடமிருக்கிறது! லிட்டிஃபிலிமாப் என்ற இன்னொரு மருந்தின் இரண்டாம் கட்ட ஆய்வில், 2022-இல், கிளாசியில் எத்தனை சதவீதம் இறங்கியது என்பதையே முதன்மைக் கேள்வியாக வைத்தார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது சிவப்பு. படிவத்தின் 70 புள்ளிகளில் 39 சிவப்புக்கு. வெளுத்த தோலில் இளஞ்சிவப்பும் சிவப்பும் பளிச்சென்று தெரியும். கருத்த தோலில் அதே அழற்சி பழுப்பாக, சாம்பல் கலந்த ஊதாவாக, சில சமயம் சுற்றியிருப்பதைவிடச் சற்றே கூடுதல் கறுப்பாகத்தான் தெரியும். இதில் இரண்டு தவறுகளுக்கும் வழி இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும் திட்டைப் பழைய கறுப்பு என்று நினைத்துச் சேதப் பத்தியில் போட்டுவிடலாம். அவருக்குத் தேவையான சிகிச்சை கிடைக்காது. ஆறிப்போன கறுப்பை ஊதா என்று பார்த்துச் செயல்பாட்டில் 3 போட்டுவிடலாம். தேவையில்லாத மருந்து போய்ச்சேரும். நல்ல பகல் வெளிச்சத்தில் பார்ப்பதும், விரலால் தொட்டுத் தடிப்பும் சூடும் இருக்கிறதா என்று உணர்வதும், திட்டின் நடுவை விட்டு ஓரத்தைக் கவனிப்பதும் உதவும். அழற்சி பெரும்பாலும் ஓரத்தில்தான் உயிரோடு இருக்கும், நடு வெளுத்துப் போயிருக்கும். கருத்த தோலுள்ள பெண்களிடம் டிஸ்காய்டு லூபஸ் அதிகம் காணப்படுகிறது என்பதை நினைத்தால், இந்தக் குறை இன்னும் கனக்கிறது.

இன்னொரு குறை, மோசமான ஒரு திட்டை மட்டும் பார்க்கும் விதியிலிருந்து வருகிறது. முதுகில் இருபது திட்டில் பத்தொன்பது மறைந்து, ஒன்று மட்டும் அப்படியே இருந்தால் எண் மாறாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு களிம்பு பூசியதால் மெலிந்துபோய், ரத்தநாளங்கள் மேலே தெரியும் தோலை லூபஸின் சிவப்பு என்று எண்ணிவிடுவதும் நடக்கும்.

கடைசியாக, எண்ணுக்குள் அடங்காத பகுதி. முகத்தில் இரண்டே திட்டு உள்ள ஒருவருக்குச் செயல்பாடு 4 அல்லது 5 தான் வரும். 'லேசானது' என்ற பெட்டிக்குள் விழுகிறார். பல மருந்தாய்வுகளில் அவர் சேரவே முடியாது, அங்கே தொடக்க எண் அதைவிட அதிகம் இருக்க வேண்டும். ஆனால் அவர் வெளியே போவதைக் குறைத்திருக்கலாம், புகைப்படத்துக்கு நிற்க மறுக்கலாம், வேலைக்கான நேர்காணலைத் தவிர்த்திருக்கலாம். தோல் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கத் தனி வினாத்தாள்கள் இருக்கின்றன. 1994-இல் வந்த டிஎல்க்யூஐ பத்தே கேள்விகளோடு 30 வரை மதிப்பெண் தருகிறது. தோல் லூபஸ் ஆய்வுகளில் ஸ்கின்டெக்ஸ்-29 அதிகம் பயன்படுகிறது. கிளாசியும் இந்த வினாத்தாள்களும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. தோலில் 5, மனத்தில் 50 என்று இருப்பவர்கள் உண்டு. மருத்துவர் போடும் எண்ணோடு நோயாளி போடும் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை.

கிளாசி படிவத்தில் மருத்துவரின் கண்ணை நம்பாமல் நோயாளியின் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு. கடந்த 30 நாளில் முடி கொட்டியதா? திட்டு ஆறிய பிறகு அந்தக் கறுப்பு ஓராண்டைத் தாண்டி நிற்கிறதா? இரண்டாவது கேள்விக்கு நினைவிலிருந்து பதில் சொல்வது கஷ்டம். மாதம் ஒரு முறை, அதே ஜன்னலோரம், அதே நேரம், ஒப்பனை இல்லாமல், காதின் உட்குழியையும் முடியை விலக்கி உச்சந்தலையையும் சேர்த்துக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பவரால் தேதியோடு சொல்ல முடியும். காதையும் தலையையும் விட்டுவிட வேண்டாம். கண்ணாடியில் தெரியாத அந்த இரண்டு இடங்களில்தான் டிஸ்காய்டு லூபஸ் பல சமயம் ஒளிந்திருக்கிறது.